பதின்மூன்று தப்பு இல்லை, ஒரே தப்பு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். போன வருடம் இடைநிலை ஆசிரியராக வேலை கிடைத்து, திருவண்ணாமலைப் பக்கமிருந்து கோத்தகிரிக்குக் கீழே ஓர் ஈராசிரியர் பள்ளிக்கு வந்திருக்கிறீர்கள். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் உங்கள் பொறுப்பு, எல்லாம் சேர்த்து 19 பிள்ளைகள். "பாதிப் பேர் நகரவே மாட்டேன் என்கிறார்கள். எல்லாப் பயிற்சிக்கும் போய் வருகிறேன், திரும்பி வந்தால் அதே வகுப்பு, அதே நான். பிள்ளைகளை எப்படி முன்னேற்றுவது, ஆசிரியராக நான் எப்படி வளர்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் சின்னதாக, மாறுதல் கிடைக்கும்வரை பொறுத்துக்கொள்வதா என்றும் ஒரு வரி.

நான் நீலகிரியில் 31 வருடம் வேலை பார்த்தவள். 19 வருடம் வகுப்பறை, மீதி வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர் வேலை. நீங்கள் இரண்டு கேள்வி கேட்பதாக நினைக்கிறீர்கள், எனக்கு அது ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. பிள்ளை ஏன் அப்படித் தப்பாகச் செய்தது என்று உட்கார்ந்து யோசிக்கிற நேரத்தில்தான் பிள்ளைக்கும் வழி பிறக்கிறது, நமக்கும் தொழில் பிடிபடுகிறது. பயிற்சி, புத்தகம், சான்றிதழ் எல்லாம் அதற்குத் துணைதான். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஒரு பெண்பிள்ளையின் கணக்கு நோட்டிலிருந்து தெரிந்துகொண்டேன், அதையே முதலில் சொல்கிறேன்.

நான்காம் வகுப்பு. வீட்டில் அரை ஏக்கர் தேயிலை, அம்மா இலை பறித்து ஏஜென்டிடம் எடை போடுவார். இந்தப் பிள்ளைக்குக் கழித்தல் கணக்கு 20 கொடுத்தேன், 13 தப்பு. பதின்மூன்றுக்கும் சிவப்புப் பேனாவில் தப்புப் போட்டு, கீழே "கவனம் தேவை" என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அதே கணக்குகளைப் பலகையில் போட்டுக் காட்டினேன். "புரிஞ்சுதா?" என்றேன், "புரிஞ்சுது டீச்சர்" என்றாள். அடுத்த வாரம் பார்த்தால் மறுபடி அதே கதை. இப்படியே ஒரு மாதம் போயிற்று. நானும் அந்தப் பிள்ளையை 'மெல்லக் கற்கும் மாணவர்' பட்டியலில் எழுதிவிட்டேன்.

அப்புறம் ஒரு மழை நாள், வகுப்புக்கு வந்ததே ஏழு பேர். வேறு வேலை இல்லாததால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டை நிதானமாகப் பார்த்தேன். 62-ல் 27 போனால் 45 என்று எழுதியிருந்தாள். 51-ல் 18 போனால் 47. 40-ல் 16 போனால் 36. மூன்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சட்டென்று தெரிந்தது. ஒவ்வொரு இலக்கத்திலும் எது பெரிதோ அதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறாள், எது மேலே இருக்கிறது எது கீழே இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. 7-ல் 2 போனால் 5, 6-ல் 2 போனால் 4, ஆக 45. கடன் வாங்கத் தேவையில்லாத ஏழு கணக்கும் அதனால்தான் சரியாக வந்திருக்கிறது. அவள் கவனக்குறைவாக ஒரு கணக்கைக்கூடப் போடவில்லை. ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு இருபதையும் அதன்படியே ஒழுங்காகச் செய்திருக்கிறாள், பதின்மூன்று தப்பும் ஒரே தப்புதான். அந்த விதியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நாங்கள்தான். ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் "பெரிசுல இருந்துதான் சின்னதைக் கழிக்க முடியும்" என்று நூறு தடவை சொல்லியிருப்போம்.

நோட்டை மூடி வைத்துவிட்டு வாயால் கேட்டேன். "62 கிலோ இலை போட்டீங்க, 27 கிலோவுக்குத்தான் காசு வந்திருக்கு, இன்னும் எத்தனை கிலோவுக்கு வரணும்?" விரலை மடக்கினாள். "27-க்கு மூணு போட்டா 30. அங்கிருந்து 60-க்கு முப்பது. அப்புறம் ரெண்டு. முப்பத்தஞ்சு டீச்சர்." எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. ஒரு மாதமாகக் கழித்தல் வராத பிள்ளை என்று நான் எழுதி வைத்திருந்தவளுக்குக் கழித்தல் நன்றாகவே தெரிந்திருக்கிறது. அவளுக்குத் தெரிந்த கழித்தலுக்கும் நாம் நோட்டில் எழுதச் சொல்கிற முறைக்கும் நடுவில் பாலம் போடாமல் விட்டது என் வேலையில் இருந்த ஓட்டை.

அதற்கப்புறம் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டினோம். ஆறு கட்டு, இரண்டு உதிரி. "இதுல இருந்து 27 குடு" என்றேன். இரண்டு கட்டைக் கொடுத்தாள், ஏழு உதிரி கேட்டபோது கையில் இரண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே "கட்டைப் பிரிக்கணும் டீச்சர்" என்றாள். அதே வேகத்தில் நோட்டைத் திறந்து, கட்டைப் பிரித்ததை எழுத்தில் எப்படிக் காட்டுவது என்று பார்த்தோம். இரண்டு நாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் 'கடன் வாங்குதல்' என்ற சொல்லை முதல் பாடத்திலேயே சொல்வதில்லை, 'கட்டைப் பிரித்தல்' என்றுதான் ஆரம்பிப்பேன். கடன் என்றால் திருப்பித் தரவேண்டுமே, இந்தக் கணக்கில் எங்கே திருப்பித் தருகிறோம் என்று இன்னொரு பையன் கேட்டதும் அதற்கு ஒரு காரணம், நியாயமான கேள்விதானே.

பின்னால்தான் தெரிந்தது, அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் 1978-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளின் கழித்தல் தப்புகளில் பல ஏனோதானோ என்று வருவதில்லை, உள்ளே ஓடுகிற ஒரு தவறான செய்முறையிலிருந்து ஒழுங்காக வருகிறது என்று காட்டினார்கள். லீ ஷுல்மன் என்ற கல்வியாளர் 1986-ல் இன்னொன்றைச் சொன்னார். பாடம் தெரிவது ஓர் அறிவு, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது இன்னோர் அறிவு, இந்தக் குறிப்பிட்ட பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள், அப்போது எந்த உதாரணம் கைகொடுக்கும் என்று தெரிவது மூன்றாவது அறிவு, அதுதான் ஆசிரியருக்கே உரிய அறிவு என்று. இந்த மூன்றாவதைப் பயிற்சி மண்டபத்தில் ஒருவர் மைக்கில் சொல்லி உங்களுக்குள் ஏற்றிவிட முடியாது. அது உங்கள் 19 நோட்டுகளில்தான் கிடக்கிறது.

ஆகவே நீங்கள் முதலில் செய்யவேண்டியது சின்ன வேலை. வாரத்துக்கு மூன்று பிள்ளைகளின் நோட்டை எடுத்து, திருத்துகிற பேனாவைத் தள்ளி வைத்துவிட்டு, 'இந்தப் பிள்ளை என்ன நினைத்து இப்படி எழுதியது' என்று மட்டும் பாருங்கள். தெரியவில்லை என்றால் பிள்ளையிடமே கேளுங்கள். "இதை எப்படிச் செஞ்சே, எனக்குச் சொல்லேன்" என்று கேட்கிற குரல் முக்கியம், அதில் விசாரணை வாடை வந்தால் பிள்ளை உடனே அழித்துவிட்டு வேறு எழுதிவிடும். ஆறு ஏழு வாரத்தில் 19 பேரையும் ஒரு சுற்று பார்த்துவிடுவீர்கள்.

சரி, இனி மலைக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் சமவெளியிலிருந்து வந்தவர். உங்கள் வகுப்பில் எத்தனை வீட்டு மொழிகள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? கோத்தகிரிப் பக்கம் ஒரே வகுப்பில் படுகர் வீட்டுப் பிள்ளை இருக்கும், இருளர் அல்லது குறும்பர் வீட்டுப் பிள்ளை இருக்கும், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பத்துப் பேரப்பிள்ளை இருக்கும், இப்போது ஜார்க்கண்டிலிருந்து தேயிலை வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். இவர்களில் பலருக்குத் தமிழ் பள்ளிக்கூடத்து மொழி. 'நகரவில்லை' என்று நீங்கள் எழுதியிருக்கிற பாதிப் பேரில் எத்தனை பேருக்கு உண்மையில் பாடம் கஷ்டம், எத்தனை பேருக்கு மொழி கஷ்டம் என்று பிரித்துப் பாருங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், இருந்த பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பையனிடம் அட்டையில் எழுதியிருந்த 'பால்' என்ற சொல்லைக் காட்டினேன். விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாய்க்குள் முணுமுணுத்தான், நிமிர்ந்து "ஹாலு" என்றான். தப்பு, மறுபடி படி என்றேன். மறுபடி "ஹாலு", இந்த முறை குரல் இறங்கிப் போயிருந்தது. சத்துணவு அமைப்பாளர் அக்கா படுகர், வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "டீச்சர், அவன் சரியாத்தான் படிச்சிருக்கான்" என்றார். படுகு மொழியில் பாலுக்கு ஹாலு. அந்தப் பையன் எழுத்தைக் கூட்டிப் படித்து, பொருளைப் புரிந்துகொண்டு, தன் வீட்டுச் சொல்லில் எனக்குச் சொல்லியிருக்கிறான். படிக்கிற பிள்ளை செய்ய வேண்டியது எல்லாவற்றையும் செய்தவனுக்கு நான் தப்புப் போட்டேன். அந்த முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அன்று மாலையே அந்த அக்காவோடு உட்கார்ந்தேன். பால் ஹாலு, பத்து ஹத்து, பட்டி ஹட்டி. தமிழில் ப-வில் தொடங்குகிற பல சொற்கள் அங்கே ஹ-வில் தொடங்குகின்றன. எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது, ஆனால் பிள்ளைகளுக்கு இது பெரிய கண்டுபிடிப்பு. சுவரில் ஒரு சார்ட் ஒட்டி இடது பக்கம் வீட்டுச் சொல், வலது பக்கம் புத்தகச் சொல் என்று எழுத ஆரம்பித்தோம். ஒரு வாரத்தில் பிள்ளைகளே பாட்டியிடம் கேட்டு வந்து சேர்த்தார்கள், தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் போட்டி போட்டுக்கொண்டு படுகுச் சொல் கற்றார்கள். உங்கள் ஊரில் யாரிடமாவது போய், உங்கள் பிள்ளைகளின் வீட்டு மொழியில் முதலில் ஐம்பது சொல் கற்றுக்கொள்ளுங்கள். வா, உட்கார், பசிக்கிறதா, வலிக்கிறதா, மறுபடி சொல் இதெல்லாம் முதல் பத்துக்குள் வரட்டும். கூடலூரில் வித்யோதயா என்ற ஆதிவாசிப் பிள்ளைகளுக்கான பள்ளி இருக்கிறது, அங்கே ஆதிவாசி இளைஞர்களையே பயிற்சி கொடுத்து ஆசிரியர்களாக ஆக்கினார்கள். பிள்ளையின் மொழி தெரிந்தவர் வகுப்பில் இருந்தால் எவ்வளவு மாறுகிறது என்று தெரிய, முடிந்தால் ஒரு தடவை அனுமதி கேட்டுப் போய்ப் பாருங்கள்.

மொழியோடு சேர்ந்தது இன்னொன்று, காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, 'தெரியாது' குறைகிறது, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று கண்டார். நம் மலைப் பிள்ளை உங்கள் கேள்வியைத் தமிழில் கேட்டு, தன் மொழியில் யோசித்து, பதிலை மறுபடி தமிழாக்கித் தரவேண்டும். அதற்கு மூன்று விநாடியும் போதாது. மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். முதல் வாரம் அந்த அமைதி உங்களுக்குத் தாங்காது, பழகிவிடும்.

மூன்று வகுப்பை ஒன்றாக வைத்திருக்கிறீர்கள், அதைப் பற்றி. முன்பு செயல்வழிக் கற்றல் இருந்தது, பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாக்கி ஏணிப் படி மாதிரி ஒவ்வொன்றாக முடிக்கிற முறை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-ல் மாநிலம் முழுக்க வந்தது. அதில் குறைகள் உண்டு, அட்டை முடிந்ததாகக் குறித்துவிட்டுக் கற்றல் நடக்காமல் விட்ட இடங்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் மலைக்கு அதில் ஒரு பெரிய நன்மை இருந்தது. யானை வந்தது, மழை வந்தது, ஊரில் ஹப்பா (படுகர் திருவிழா) வந்தது என்று நான்கு நாள் வராத பிள்ளை, ஐந்தாம் நாள் வந்து, விட்ட அட்டையிலிருந்தே தொடங்கும். 2022-லிருந்து 'எண்ணும் எழுத்தும்' திட்டம். முதலில் மூன்றாம் வகுப்புவரை, அடுத்த வருடம் ஐந்துவரை வந்துவிட்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. யோசனை நல்லது. வகுப்பு எண்ணைப் பார்க்காமல் பிள்ளை நிற்கிற இடத்தைப் பார்க்கச் சொல்கிறது. உங்களைப் போல மூன்று வகுப்பைச் சேர்த்து வைத்திருப்பவருக்கு அது வரம், ஏனென்றால் உங்களுக்குத் தேவை மூன்று வகுப்புக்கு மூன்று பாடம் இல்லை, ஒரே பொருளில் மூன்று ஆழம்.

ஆனால் ஒன்று. "மேம், நான் அரும்பு" என்று ஒரு பிள்ளை தன்னை அறிமுகம் செய்துகொண்டதை நான் ஒரு பள்ளியில் கேட்டேன், நெஞ்சு அடைத்துவிட்டது. அரும்பு என்பது இந்த வாரம் இந்தத் திறனில் அந்தப் பிள்ளை நிற்கிற படி, அதற்குமேல் ஒன்றும் கிடையாது. கணக்கில் மலராக இருக்கிறவள் வாசிப்பில் அரும்பாக இருக்கலாம். குழுவை அடிக்கடி கலைத்து மாற்றுங்கள், பிள்ளையின் காதில் நிலைப் பெயர் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், உங்கள் வகுப்பில் சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகைப் பட்டை இருந்தால், பழைய திட்டத்தின் மிச்சம் என்று அதன்மேல் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். அது ஒரு புதையல். 19 பேரும் ஒரே நேரத்தில் எழுதினால் ஒரு நடையில் 19 பேரின் யோசனையையும் பார்த்துவிடலாம், நோட்டில் குனிந்து குனிந்து பார்க்கத் தேவையில்லை.

உதவி எவ்வளவு செய்வது, எப்போது நிறுத்துவது என்பதில்தான் நான் அதிகம் தடுமாறினேன். வைகாட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் சொன்னது உங்களுக்கு ஆசிரியர் பயிற்சியிலேயே வந்திருக்கும், பிள்ளை இன்று உதவியோடு செய்வதை நாளை தானே செய்யும், அந்த இடைவெளியில்தான் கற்பித்தல் நடக்கவேண்டும் என்று. 1976-ல் வுட், புரூனர், ராஸ் மூவரும் அந்த உதவிக்குச் சாரம் என்று பெயர் வைத்தார்கள், கட்டடத்துக்குக் கட்டுகிற அதே சாரம்தான். நாம் சாரம் கட்டுவதில் குறை வைப்பதில்லை, பிரிக்கத்தான் மறந்துவிடுகிறோம். பலகையில் எழுதிப்போட்ட ஐந்து வரியை முத்து முத்தாகப் பார்த்து எழுதுகிற பிள்ளை, பலகையைத் துடைத்தால் ஒரு வரி எழுதாது. நான் செய்து பலன் கண்ட முறை இது. 'எங்க ஊரு' என்ற தலைப்பில் பிள்ளைகள் வாயால் சொல்லட்டும், நீங்கள் அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். மறுநாள் அதே வரிகளில் சில சொல்லை விட்டு எழுதிப் போடுங்கள். அதற்கடுத்த நாள் பலகையில் நான்கு சொல் மட்டும். ஐந்தாம் நாள் பலகை காலி. நாலாம் நாளே தானாக எழுதுகிற பிள்ளையும் இருக்கும், பத்து நாள் ஆகிற பிள்ளையும் இருக்கும். ஆனால் எல்லோருக்கும் ஒரு நாள் பலகை காலியாக வேண்டும்.

மதிப்பெண் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012-13-ல் முப்பருவ முறையோடு வளரறி மதிப்பீடு வந்தபோது அதன் உள்நோக்கம் நல்லது, பிள்ளை வளர்கிறபோதே பார்த்துத் திருத்துவது. நடைமுறையில் அது 40 மதிப்பெண்ணை நிரப்புகிற கட்டமாக மாறிப்போன பள்ளிகளும் உண்டு. இஸ்ரேலில் ரூத் பட்லர் என்பவர் 1988-ல் வெளியிட்ட ஓர் ஆய்வை எல்லாப் பயிற்சியிலும் சொல்லுவேன். சில பிள்ளைகளுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள். அதனால் தினசரி நோட்டில் பத்துக்கு நாலு என்று போடாதீர்கள், 'குட்' என்றும் போடாதீர்கள், பிள்ளைக்கு அதில் செய்ய ஒன்றுமில்லை. "மூணாவது வரியில யார் போனாங்கன்னு சொல்லல, அதை மட்டும் சேர்த்து எழுது" என்று ஒரே ஒரு வேலை எழுதுங்கள், அதைச் செய்ய அப்போதே ஐந்து நிமிடம் கொடுங்கள்.

இப்போது உங்களைப் பற்றி. பயிற்சிக்குப் போய் வந்தும் ஒன்றும் மாறவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். அது உங்கள் குறை மட்டும் கிடையாது, நான் பத்து வருடத்துக்கு மேல் அந்தப் பயிற்சிகளை நடத்தியவள், அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டே சொல்கிறேன். புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இருவர் ஆசிரியர் பயிற்சிகளைப் பற்றி 1980-களிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லிவந்தது இதுதான். விளக்கம் கேட்டு, செய்துகாட்டுவதைப் பார்த்து, அங்கேயே ஒரு தடவை செய்து பார்த்தாலும் வகுப்பறைக்கு வந்து சேருவது கொஞ்சம்தான், திரும்பி வந்தபின் பக்கத்தில் ஒருவர் இருந்து கூடவே பார்த்துச் சொன்னால்தான் அது நிலைக்கிறது. நாம் முதல் பாதியை நன்றாகச் செய்கிறோம், பின்பாதி நடப்பதில்லை. பயிற்றுநர் பள்ளிக்கு வந்தால் எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றுகிற இணையதளம்) பதிவு, எத்தனை பேர் வருகை, பாடக்குறிப்பு எழுதியாயிற்றா என்று பார்ப்பதிலேயே நாள் போய்விடுகிறது. தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு வருடம் 50 மணி நேரப் பயிற்சி என்கிறது, மணிக்கணக்கைக் கூட்டினால் மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஐந்து மணி நேரப் பயிற்சிக்குப்பின் ஐந்து வாரம் யாராவது கூட இருந்தால் அதில் பலன் இருக்கும்.

அந்த யாராவதை நீங்களே தேடிக்கொள்ளுங்கள். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையக் கூட்டத்தில் உங்களைப் போலவே தவிக்கிற இன்னொருவர் பக்கத்துப் பள்ளியில் கட்டாயம் இருப்பார். அனுபவசாலியாக இருக்கவேண்டும் என்பதில்லை, வாயை மூடிக்கொண்டு பார்க்கத் தெரிந்தவராக இருந்தால் போதும். ஜப்பானில் ஜுக்யோ கென்க்யூ என்று ஒரு வழக்கம் நெடுங்காலமாக உண்டு. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பின்னால் நின்று பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் பிள்ளைகளைத்தான், எந்தப் பிள்ளை எங்கே புருவம் சுருக்கியது, யார் யாரிடம் என்ன கேட்டார் என்று. அப்புறம் உட்கார்ந்து அந்தப் பாடத்தைப் பற்றிப் பேசுவார்கள், ஆசிரியரைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

எனக்கு அப்படி ஒருவர் செய்த உதவியை மறக்கமுடியாது. பக்கத்துப் பள்ளி சார் ஒருவர் ஒரு சனிக்கிழமை வேலைநாளில் என் வகுப்பின் பின்னால் வந்து உட்கார்ந்தார். நான் கேட்டுக்கொண்டபடி ஒரே வேலைதான் செய்தார். பிள்ளைகள் உட்கார்ந்திருந்தபடி கட்டம் போட்டு, யார் பேசினாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. நாற்பது நிமிடம். என் மனதில் அன்றைக்கு அருமையான வகுப்பு, எல்லோரும் பதில் சொன்னார்கள். தாளைக் காட்டினார். 22 கட்டத்தில் ஐந்தில்தான் கோடு இருந்தது, ஜன்னலோரக் கட்டங்கள் முழுக்கக் காலி. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, தாளை என்னிடமே கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து நான் நிற்கிற இடமே மாறிவிட்டது.

பார்க்க ஆள் கிடைக்காத மாதத்தில் உங்கள் போனை மேஜையில் கவிழ்த்து வைத்துப் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள், பிள்ளைகள் முகம் வேண்டாம், குரல் போதும், கேட்டுவிட்டு அழித்துவிடுங்கள். கேட்கும்போது எல்லாவற்றையும் பார்க்காதீர்கள், மனம் உடைந்துவிடும். நான் கேட்ட கேள்விக்கு நானே எத்தனை தடவை பதில் சொன்னேன் என்று மட்டும் எண்ணுங்கள். நான் முதல் தடவை எண்ணியபோது 30-க்குப் பதினெட்டு. ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு பழக்கத்தை மாற்றினால் போதும். மூன்று பருவம், மூன்று பழக்கம், ஐந்து வருடத்தில் பதினைந்து, அப்போது உங்கள் வகுப்பு வேறு வகுப்பு.

உங்கள் தலைமையாசிரியரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈராசிரியர் பள்ளியில் மற்றவர் ஒருவர்தான், அவரோடு பேச்சு நின்றால் பள்ளிக்கூடமே ஊமையாகிவிடும். அவர் ஒன்று இரண்டை எடுக்கிறவர், மூன்றாம் வகுப்புக்கு வருகிற பிள்ளையின் தப்பு எங்கே முளைத்தது என்று அவருக்குத்தான் தெரியும். குற்றம் சொல்கிற மாதிரி இல்லாமல், "சார், இந்த நோட்டைக் கொஞ்சம் பாருங்களேன், எனக்குப் பிடிபடல" என்று கொண்டுபோய் நீட்டுங்கள். வெள்ளிக்கிழமை மதியம், பிள்ளைகள் சாப்பிட்டு விளையாடுகிற நேரத்தில் இருபது நிமிடம் போதும்.

மாறுதலைப் பற்றி நான் அறிவுரை சொல்லமாட்டேன். வயதான பெற்றோர் ஊரில் இருப்பார்கள், கலந்தாய்வு வந்தால் போகத்தான் தோன்றும், அதில் ஒரு தப்பும் இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போகிறபோது அடுத்து வருகிறவருக்கு மதிப்பெண் பட்டியலை மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். எனக்கு முன்னால் இருந்தவர் எனக்கு அதைத்தான் விட்டுப் போனார், அதில் அந்தப் பெண்பிள்ளை பெயருக்கு நேரே கணக்கு 11 என்று மட்டும் இருந்தது. "கட்டைப் பிரிப்பது தெரியாது, வாயால் கேட்டால் சொல்லுவாள்" என்று ஒரு வரி இருந்திருந்தால் அவளுக்கு ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

அதற்கு ஒரு நோட்டுப் போடுங்கள். பிள்ளைக்கு இரண்டு பக்கம், 19 பேருக்கு 38 பக்கம், நாற்பது பக்க நோட்டே போதும். தேதி, பிள்ளை செய்தது, நான் நினைத்தது, செய்து பார்த்தது, என்ன ஆயிற்று, அவ்வளவுதான். வீட்டில் எந்த மொழி, யார் கூட்டிக்கொண்டு வருகிறார்கள், கடைசியாக எந்தப் பாடத்தில் விட்டது என்பதையும் ஓரமாகக் குறித்து வையுங்கள். கூடலூர், பந்தலூரில் ஜூன், ஜூலை மழைதான் பெரிது, நம் கோத்தகிரிச் சரிவில் ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டும். சேர்ந்தாற்போல் நான்கைந்து நாள் விடுமுறை விட்டுப் பள்ளி திறக்கிற காலையில் அந்த நோட்டுதான் முதலில் தேவைப்படும். பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள் தம்பி, பீரோவுக்குள் வைத்தாலும் கார்த்திகையில் பூஞ்சை பிடித்துவிடும்.